சும்மா கிடந்த மாடி

இளையவளின் சிரிப்புச் சத்தம் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தால், மூத்தவள் அடுப்படிக் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் சிரிப்பு அமுங்கிவிடும். டேப் கிழிக்கிற சத்தம் மட்டும் அமுங்காது. அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பைச் சர்ரென்று இழுத்து வெட்டும் சத்தம் அது. ஒவ்வொரு சர்ருக்கும் ஒரு செடி விற்றுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். கீழ்த்தளத்தில் மூத்தவளும் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவனும். மேல்தளத்தில் இளையவளும் அவளுடைய சின்னப் பெண்ணும். அவள் கணவன் கப்பல் வேலைக்காரன், வருடத்தில் பாதி நாள் கடலில். அதற்கும் மேலே மொட்டை மாடி. அது இரண்டு குடும்பத்துக்கும் பொது.

பொது என்று பேச்சுக்குச் சொன்னாலும், பல வருடங்களாக அது மூத்தவளின் மாடிதான். காலையில் அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமில் கடுகளவு திருகாணி மாட்டுவது, லென்ஸ் துடைப்பது, மூக்கில் உட்காராத கண்ணாடியை வளைத்து உட்காரவைப்பது. மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு நேரே மாடிக்குப் போய்விடுவாள். ஏதோ ஒரு அலுவலகம் காலி செய்தபோது தெருவில் தூக்கிப் போட்ட தொட்டிகளில் ஆரம்பித்தது. தடித்த இலையுள்ள செடிகள், முள் கள்ளிகள், பவழமாலை போலத் தொங்கும் கொடிகள். யார் கேட்டாலும் ஒரு துண்டு வெட்டிக் காகிதக் கப்பில் நட்டுக் கொடுத்துவிடுவாள்.

"சும்மா குடுக்கிறதுக்கு வித்தாத்தான் என்ன? இப்ப எல்லாப் பொம்பளைங்களும் போன்லயே கடை போடுறாங்க" என்று கணவன்தான் கிளப்பிவிட்டான்.

அவளும் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். வெள்ளை அட்டைக்கு முன்னால் செடியை வைத்துப் படம் எடுத்தாள். செடியின் தாவரவியல் பெயர், வெயில் எவ்வளவு, தண்ணீர் எப்போது, மண்ணில் எதெல்லாம் கலக்க வேண்டும் என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெரிய பத்தி. பின்தொடர வந்தவர்கள் சில சொந்தக்காரர்கள், கண்ணாடிக் கடையில் கூட வேலை செய்கிறவள், அப்புறம் உலகத்தில் எல்லோரையும் பின்தொடர்கிற ஒரு டயர் கடை. வாங்க ஒருவரும் வரவில்லை.

இளையவள் கல்யாணத்துக்கு முன் ஒரு கால் சென்டரில் இருந்தாள். கோபமாகக் கூப்பிடுகிறவர்களைச் சமாதானப்படுத்தி, சிரிக்கவைத்து, போனை வைக்கச் செய்வதுதான் வேலை. குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டாள். ஒருநாள் காலையில் மாடியில் துணி காயப்போட வந்தவள், மூத்தவளின் குண்டு இலைச் செடி ஒன்றைக் கையில் தூக்கிப் போனில் வீடியோ எடுத்தாள். "இதப் பாருங்களேன். நல்லா சாப்பிட்டுட்டுப் புரண்டு படுத்திருக்கு. லீவுல வந்த எங்க வீட்டுக்காரர் அப்படியே!" என்று சொல்லும்போதே தொட்டி வழுக்க, அவள் அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவ்வளவுதான் வீடியோ.

அது யார் யார் கைக்கோ போய்ச் சேர்ந்தது. மூன்று தெரு தள்ளியிருக்கிற பல் டாக்டர்கூட அதைப் பார்த்திருந்தார். "இந்த வீட்டுக்காரர் செடி எங்கே கிடைக்கும்?" என்று வீடியோவுக்கு அடியில் கேள்வி குவிந்தது. இளையவள் மூச்சிரைக்கக் கீழே ஓடி வந்தாள்.

"அக்கா! அந்தக் குண்டுச் செடியில ரெண்டு துண்டு வெட்டிக்கட்டுமா?"

"எடுத்துக்கோயேன். அதுக்கென்ன இப்போ."

அந்த 'அதுக்கென்ன இப்போ'வைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மூத்தவள் பின்னால் பலமுறை நினைத்ததுண்டு.

இரண்டு துண்டு இருபது தொட்டியானது. இருபது தொட்டி மாடியின் பாதியானது. இளையவள் எல்லாச் செடிக்கும் பட்டப்பெயர் வைத்தாள். முள்ளுள்ளது கோவக்காரி. தொங்குகிற கொடி ஜிமிக்கி. வாரக்கணக்கில் தண்ணீர் கேட்காதது சம்பளம் கேட்காத வேலைக்காரன். ஜனங்கள் அந்தப் பெயரைச் சொல்லியே தேடி வந்தார்கள். வாரம் ஒருநாள் சாயங்காலம் நேரலை விற்பனை. ஒரு செடியைக் கையில் தூக்கிக் காட்டி அது பேசுவது மாதிரியே குரல் மாற்றிப் பேசுவாள். பேசி முடிப்பதற்குள் அது போய்விடும். வாங்கினவர்கள் பெட்டியைப் பிரிக்கிறதை வீடியோ எடுத்து அனுப்புவார்கள். அதையும் இவள் போடுவாள். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் கேட்பார்கள். வாங்கினவர்களுக்கென்று வாட்ஸப் குழு வேறு. அதில் பிறந்தநாள் வாழ்த்து, பிள்ளைகளுக்குக் காய்ச்சல், மாமியார் புராணம் எல்லாம் ஓடும். நடுவில் புதுச்செடி படம் ஒன்று விழும். குழுவைத் தாண்டி வெளியே வருவதற்குள் அது விற்றுத் தீர்ந்துவிடும்.

மூத்தவள் எல்லாவற்றையும் பார்த்தாள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள். அப்போது அந்த வாய் அசைவது மட்டும் தெரியும். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. கண்ணாடிக் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, இளையவளின் பழைய வீடியோக்களை அடி வரைக்கும் இழுத்து இழுத்துப் பார்ப்பாள். ஒருநாள் கட்டைவிரல் பட்டு ஒரு பழைய வீடியோவுக்கு இதயம் விழுந்துவிட்டது. பதறிப்போய் எடுத்தாள், எடுத்ததும் மறுபடி விழுந்தது, மறுபடி எடுத்தாள். சாயங்காலம் இளையவள் படியில் பார்த்து, "அக்கா, அந்தப் பழைய வீடியோ உங்களுக்கு அவ்ளோ பிடிச்சுதா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். மூத்தவளுக்கு அந்தச் சந்தோஷம் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

தானும் வீடியோ போட்டுப் பார்த்தாள். கணவன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் சிரி" என்றான்.

"எதுக்குச் சிரிக்கணும்? வேர் அழுகுறதப் பத்திப் பேசிட்டிருக்கேன்."

"அவ சிரிக்கிறாளே."

"அப்ப அவளைப் போய்ப் பிடிங்க!"

அந்த வீடியோவை டயர் கடை பார்த்தது.

தன் பொறாமைக்கு அவள் பொறாமை என்று பெயர் வைக்கவில்லை. நியாயம் என்று வைத்திருந்தாள். தாய்ச்செடி என்னுடையது. மண் கலக்க அவள் பழகினது என்னைப் பார்த்து. என் தொட்டிகளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓரங்கட்டினது அவள். இதெல்லாம் உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் இந்த நினைப்பு வசதியாக மனதில் குடியேறி, காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில் தொழில் செய்யும் பெண்களின் சங்கம் ஒன்று கூட்டம் போட்டது. இணையத்தில் தொழில் செய்து முன்னுக்கு வந்த பெண்கள் பேச வேண்டும். இளையவளை அழைத்திருந்தார்கள். "அக்கா, நீங்க வந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்று மூத்தவளையும் இழுத்துக்கொண்டு போனாள். முன்வரிசையில் உட்காரவைத்தாள்.

இளையவள் நன்றாகவே பேசினாள். பொருளைவிட முதலில் முகத்தை நம்புகிறார்கள் என்றாள். பெரிய கடையோடு விலையில் போட்டி போடாதீர்கள், உங்கள் ஆட்களைச் சேர்த்து வையுங்கள் என்றாள். சபை கைதட்டியது. ஒரு சோப்பு வியாபாரி எழுந்து, "நீங்க எப்படி ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே இல்லீங்க. எங்க வீட்டு மொட்டை மாடி சும்மாதான் கிடந்துது. அதுல ஆரம்பிச்சேன்."

மறுபடி கைதட்டல். பக்கத்தில் இருந்தவள் தட்டுகிறாளே என்று மூத்தவளும் தட்டினாள். உள்ளங்கை எரிந்தது. சும்மா கிடந்த மாடி. அப்படியானால் இத்தனை வருடம் அங்கே குனிந்து கிடந்தது யார்?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் இளையவள் பேசிக்கொண்டே வந்தாள். மூத்தவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த வாரமே மொத்த வியாபாரியிடமிருந்து இளையவளுக்குப் புதுச் சரக்கு இறங்கியது. இதுவரை இல்லாத பெரிய சரக்கு. தட்டுத் தட்டாகக் குட்டிச் செடிகள். வாடிக்கையாளர்கள் முன்பணம் கட்டிக் காத்திருந்தார்கள். இளையவள் போனை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்து, பெட்டி கட்டுவதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் தன் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தாள். போகிற போக்கில் ஒரு தட்டின் மேல் கண் போயிற்று. சும்மாதான் குனிந்தாள். ஒரு இலையைத் திருப்பினாள்.

இலை காம்போடு சேரும் இடுக்கில், பஞ்சைக் கிள்ளி வைத்ததுபோல் வெள்ளையாக ஏதோ இருந்தது. மாவுப்பூச்சி. அடுத்த செடியில் பார்த்தாள். அதிலும் இருந்தது. இரண்டு வாரத்தில் சாறு உறிஞ்சிச் செடியையே சுருட்டிவிடும். இந்தப் பெட்டிகளுக்குள் போய், போகிற வீடுகளில் இருக்கும் மற்ற செடிகளுக்கும் தொற்றும்.

"அக்கா, எப்படி இருக்கு புதுசுங்க?" என்று இளையவள் முதுகைக் காட்டியபடியே டேப்பை இழுத்துக்கொண்டு கேட்டாள்.

மூத்தவள் விரலை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

கீழே இறங்கும்போது, இப்போதாவது திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நடுப்படியில் நின்றாள். உள்ளே ஒரு குரல், சும்மா கிடந்த மாடிதானே, அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்றது. கூரியர்காரர் வண்டியை நிறுத்திப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும்வரை ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி போனபின் ஒரு நிம்மதி வந்தது. அது அடுப்படி போய்ச் சேரும்வரைகூட நிற்கவில்லை.

புகார்கள் வரத் தொடங்கின. வெள்ளை பிடித்த செடிகளின் படங்கள் குழுவில் விழுந்துகொண்டே இருந்தன. சிலர் திட்டினார்கள். இளையவள் இரண்டு நாள் சிரிக்கவில்லை. மூத்தவள் குழாயைத் திறக்கத் தேவையிருக்கவில்லை. இதைத்தானே கேட்டோம் என்று அடுப்படியில் நின்றவளுக்கு, கேட்டது கிடைத்ததில் ருசி தெரியவில்லை.

மூன்றாம் நாள் இளையவள் ஒரு வீடியோ போட்டாள். தலைகூடச் சரியாக வாரவில்லை. பூச்சி பிடித்த செடியை அப்படியே காட்டி, "தப்பு என்னோடதுதான். பாக்காம அனுப்பிட்டேன். எல்லாருக்கும் வேற செடி தரேன், இல்ல காசைத் திருப்பித் தரேன். தயவுசெஞ்சு இதை உங்க மத்த செடிங்ககிட்ட வெச்சுடாதீங்க" என்றாள். கடைசியில் அழுதுவிட்டாள்.

முதல் வீடியோவைவிட அது அதிகம் ஓடியது. தப்பை ஒத்துக்கொள்கிற வியாபாரியை இதுவரை பார்த்ததில்லை என்று எழுதினார்கள். காசைத் திருப்பிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் கணக்கில் அடங்கவில்லை.

"பாருங்க! அவளுக்குப் பூச்சி பிடிச்சாக்கூட அதிர்ஷ்டம். எனக்குப் பூச்சி பிடிச்சா வெறும் பூச்சி" என்று மூத்தவள் கணவனிடம் பொருமினாள்.

அவன் திருகாணிப் பெட்டியிலிருந்து நிமிர்ந்து, "உன் செடிக்கும் பிடிச்சிருக்கே, பாக்கலையா?" என்றான்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவளுடைய கொடிகளிலும் வெள்ளை இறங்கியிருந்தது.

மாட்டிக்கொண்டது அதற்கப்புறம்தான். இளையவளின் பழைய வீடியோக்களையெல்லாம் புதிதாக வந்தவர்கள் தோண்டிப் பார்த்தார்கள். பெட்டி கட்டுகிற வீடியோவுக்குக் கீழே ஒருத்தி எழுதினாள்: பின்னாடி நிக்கிற அக்காவைப் பாருங்க. இலையைத் திருப்பிப் பாக்குறாங்க. இன்னொண்ணையும் பாக்குறாங்க. கையைத் தொடைக்கிறாங்க. அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. அதன் கீழே ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். வீடியோவை நிறுத்தி, அந்த முகத்தைப் பெரிதாக்கி, வட்டம் போட்டுப் பகிர்ந்தார்கள்.

இளையவள் போனோடு கீழே வந்தாள். மூத்தவள் மேசையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இளையவள் போனை நறுக்கும் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த வட்டத்துக்குள் தன் முகத்தை மூத்தவள் பார்த்தாள். அவ்வளவு கூர்ந்த முகம் தனக்கு உண்டென்று அவளுக்கே தெரியாது.

"பாத்தீங்களாக்கா அன்னைக்கு?"

"பாத்தேன்."

"நான் கேட்டேனே. நல்லாருக்குன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஏன்?"

மூத்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "சும்மா கிடந்த மாடின்னு சொன்னியேடி. முன்னாடி உக்காரவெச்சு, என் மூஞ்சிக்கு நேரா."

இளையவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. "அது... மேடையில ஏதோ வாய்ல வந்துது. உங்களைச் சொல்லியிருக்கணும். தப்புதான். அதுக்காக? கோவம்னா என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாமே! செடியை வாங்கினவங்க என்ன பண்ணாங்க?"

"அது மட்டும் இல்ல" என்றாள் மூத்தவள். "நீ மேடையில என் பேரைச் சொல்லியிருந்தாலும் பூச்சி இருக்குன்னு நான் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. உனக்கு வருது. எனக்கு வரல. என்னால அதைப் பாக்க முடியல."

இளையவள் போனை எடுத்து, அங்கேயே, அந்த வீடியோவை அழித்தாள். "உங்களுக்காக இல்ல. நம்ம வீட்டுச் சண்டையை ஊர் உக்காந்து வேடிக்கை பாக்க வேணாம். அதை வெச்சு எனக்கு ஆளும் சேர வேணாம்" என்றாள். மேலே போய்விட்டாள்.

அதன்பின் பேச்சில்லை. ஆனாலும் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் மருந்து அடித்தால் பூச்சி மறுபக்கத்தில் ஒதுங்கிவிட்டுத் திரும்ப வரும். அதனால் மாடியின் இந்த மூலையில் ஒருத்தியும் அந்த மூலையில் ஒருத்தியுமாக உட்கார்ந்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து இலை இலையாகத் துடைத்தார்கள். சின்னப் பெண் நடுவில் ஓடி, "பெரியம்மா, அம்மா பஞ்சு கேக்குறாங்க", "அம்மா, பெரியம்மா இல்லேங்குறாங்க" என்று செய்தி கொண்டுபோனாள்.

வீடியோ அழிந்தாலும் வட்டம் போட்ட படம் அழியவில்லை. மூத்தவளின் செத்துக்கிடந்த பக்கத்தைக் கண்டுபிடித்து வந்து திட்டினார்கள். அவள் ஒவ்வொன்றையும் படித்தாள். ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. அந்தத் திட்டுகளுக்கு நடுவே ஒரு பெண் எழுதியிருந்தாள்: "நீங்கதானே அந்தப் பின்னாடி நின்னவங்க? நீங்க செஞ்சது சரியில்ல. இருந்தாலும் போற போக்குல பூச்சியைப் பாத்துட்டீங்களே. என் செடியைக் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

மூத்தவள் வீடியோ அழைப்பில் பார்த்தாள். பூச்சி இல்லை, தண்ணீர் அதிகம். சொன்னாள். அந்தப் பெண் தன் தோழியை அனுப்பினாள். தோழி, தன் அலுவலகத்தில் வாடிக்கொண்டிருந்த ஒரு வரிசைச் செடிகளைக் காட்டினாள். இதற்குச் சிரிக்க வேண்டியதில்லை. மூத்தவள் தன் முகத்தைக்கூடக் காட்டுவதில்லை, "இலையைத் திருப்புங்க. இன்னும் கிட்ட. மண்ணுல விரலை விடுங்க" என்று குரல் மட்டும் போகும். கொஞ்சம் சிடுசிடுப்பான குரல்தான். கண்டிப்பான டாக்டரிடம் போனது மாதிரி இருக்கிறது என்று அதையே பிடித்துக்கொண்டார்கள். பார்த்துச் சொல்லக் கட்டணம், மாதாமாதம் பார்க்கச் சந்தா என்று அது மெல்ல ஒரு தொழிலாக ஊன்றிக்கொண்டது. கண்ணாடிக் கடையை மட்டும் அவள் விடவில்லை.

ஒருநாள் மாலை படிக்கட்டில் இளையவள் வழிமறித்தாள். பேச்சு நின்ற பிறகு நேருக்கு நேர் சொன்ன முதல் வார்த்தை, "எப்படி இருக்கீங்க" என்பதல்ல.

"என்கிட்ட செடி வாங்கிட்டு, சந்தேகத்தை உங்ககிட்ட கேக்குறாங்க. நான் பதில் சொன்னா, அக்காகிட்டயும் ஒருதடவை கேட்டுக்கறேன்னு என்கிட்டயே சொல்றாங்க! என் நஷ்டத்துலதான் உங்களுக்கு இந்த வியாபாரமே வந்துது. தெரியுமில்ல?"

மூத்தவள் அந்த முகத்தைப் பார்த்தாள். சுருங்கிய மூக்கு, அடக்கியும் அடங்காத உதடு. அந்த அவஸ்தை அவளுக்கு அத்துப்படி. முதலில் குளுகுளுவென்று ஒரு சந்தோஷம் வந்தது. அதை ஒளிக்கவும் தோன்றவில்லை. பிறகுதான் பாவமாக இருந்தது.

"தெரியும். உள்ள வா, டீ போடறேன்" என்றாள்.

"வேணாம்" என்று சொல்லிவிட்டு இளையவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பழைய நெருக்கம் அன்றைக்கு வந்துவிடவில்லை. அதன்பிறகும் முழுதாக வரவில்லை.

அடுத்த வருடம் இளையவள் ஊரின் ஓரத்தில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்துத் தன் செடிகளையெல்லாம் அங்கே கொண்டுபோய்விட்டாள். பார்க்க வரச்சொல்லி அழைத்தபோது மூத்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனாள். உயரமான கூரை, பச்சை வலை வழியாக வடிந்து வரும் வெயில், நீண்ட மேசையில் பெட்டி கட்டும் ஐந்தாறு பெண்கள். மூத்தவள், குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். காற்றோட்டம், வெளிச்சம், வடிகால், எல்லாம் சரியாகவே இருந்தன.

"எப்படி இருக்குக்கா?"

"நல்லாருக்கு."

இளையவள் அவளையே உற்றுப் பார்த்தாள். "முழு மனசோட சொல்றீங்களா?"

மூத்தவள் கொஞ்சம் யோசித்தாள். "முக்கால் மனசோட" என்றாள்.

இளையவள் சிரித்தாள். வீடியோவில் வரும் சிரிப்பல்ல அது. மூக்கால் வெளியேறிய ஒரு சின்னச் சிரிப்பு. "போதும். மிச்சத்தை நீங்களே வெச்சுக்குங்க" என்று, மேசையிலிருந்த பெண்களிடம் அவளை அழைத்துப் போனாள். "இவங்க எங்க அக்கா. மாடி இவங்களோடது" என்று அறிமுகம் செய்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. இளையவள் அதற்குள் கொட்டகைப் படத்தைப் போட்டிருந்தாள். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று மூத்தவள் ஒருதரம் பார்த்தாள். கொஞ்ச தூரம் போனபின் இன்னொருதரம் பார்த்தாள். அப்போது ஒரு வீடியோ அழைப்பு வந்தது. யாரோ ஒருவர், அழுகிற குரலில், தன் செடி நேற்றிலிருந்து தலையைத் தொங்கப்போட்டிருப்பதாகச் சொன்னார்.

"அழாதீங்க. முதல்ல தொட்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டுங்க" என்றாள் மூத்தவள்.